நீராலான வெற்றித்தூண்

ராஜேந்திர சோழன் விவரம் போதாத ஆள். கங்கை வரைக்கும் படையை அனுப்பிவிட்டு, அங்கிருந்து குடம் குடமாக வெறும் தண்ணீரைத் தூக்கிவரச் சொன்னவன். இங்கே கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டிய பேரேரியில் அதை ஊற்றி, சோழகங்கம் என்று பெயரும் வைத்தான். நீராலேயே எழுப்பிய வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதை மெச்சுகிறது. ஆயிரம் ஆண்டு ஆனதும் அந்தத் தூண் தூர்ந்துபோய், சீரமைக்கக் கோடிக்கணக்கில் பணம் ஒதுக்குகிறோம் என்று 2025-இல் அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று.

இன்றைய கோட்டைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது எழுப்பியிருக்கும் திரவத் தூண் தூர்வதே இல்லை. 2023-24-இல் டாஸ்மாக் வருவாய் 45,855 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 48,344 கோடி. வறட்சி, வெள்ளம், காவிரியில் தண்ணீர் வந்தது, வராதது எதுவும் இந்தத் தூணைத் தொடாது. எம்.ஜி.ஆர். 1983-இல் கடைக்கால் போட்டார். ஜெயலலிதா 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசின் கையிலேயே எடுத்துக்கொண்டு மேல்நிலை எழுப்பினார். பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு நிலை ஏற்றினார்கள். 2016 தேர்தலில் தி.மு.க. மதுவிலக்கு என்றது, அ.தி.மு.க. படிப்படியாக மதுவிலக்கு என்றது. படி இருக்கிறது, நாம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்தத் தூணின் நிழல்கூடப் பிள்ளைகள் மேல் விழக் கூடாது என்பதில் நம் அரசுகளுக்கு உள்ள அக்கறையைச் சொல்லி மாளாது. 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. 18 ஆகாதவருக்குப் புகையிலை விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் பீடிக்கட்டு தலைகாட்டக் கூடாது. பள்ளிக்கும் கோயிலுக்கும் கிராமமென்றால் 100 மீட்டர், நகரமென்றால் 50 மீட்டர் தள்ளித்தான் மதுக்கடை. (நகரத்துப் பிள்ளைக்குப் பாதி தூரத்திலேயே மனக்கட்டுப்பாடு வந்துவிடும் போலிருக்கிறது.) தொலைக்காட்சியில் மது, சிகரெட் விளம்பரம் வரக் கூடாது என்று கேபிள் விதி. நேராகவோ சுற்றிவளைத்தோ புகையிலைக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம். வேறு பொருளின் பெயரில் வரும் முகமூடி விளம்பரம் கூடாது, பிள்ளைகள் வாங்கக் கூடாத பொருளுக்கு அவர்களைக் குறிவைத்து நடிகரையோ விளையாட்டு வீரரையோ கொண்டுவந்து நிறுத்தக் கூடாது என்று 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறை. இத்தனை கூடாதுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நம் ஊர்க் கோயில் விமானத்தைவிட ஒரு நிலை உயரமாகவே வரும்.

அடியில் என்ன இருக்கிறது? ஒரு பெட்டிக்கடை.

ஜெயங்கொண்டம் – மீன்சுருட்டி சாலையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு கடைக்காரரை மட்டும் பிடித்து அபராதம் போட்டு, படம் எடுத்து, கடமை முடிந்ததென்று ஜீப்பில் ஏறிவிடுவார்கள். முன்வரிசையில் தேன்மிட்டாய் ஜாடி, கடலை மிட்டாய் ஜாடி. பக்கத்தில் நுனியில் சிவப்பு தடவிய சிகரெட் மிட்டாய். அதற்கு நேர் பின்னால், உள்ளே விளக்கு எரியும் கண்ணாடி அலமாரியில் நிஜ சிகரெட். கடையின் மற்ற பகுதிக்கெல்லாம் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. அந்த அலமாரிக்கு மட்டும் கர்ப்பகிரகம் மாதிரித் தனி வெளிச்சம். அலமாரி கம்பெனி கொடுத்தது, கரண்டு பில் மட்டும் நம்முது என்றார் கடைக்காரர். பாக்குச் சரம் தொங்கும் உயரத்தைப் பார்த்தால், ஆறாம் வகுப்புப் பையனை நிறுத்தி வைத்து அளந்து கட்டியது போலிருக்கிறது.

அறிவிப்புப் பலகையும் உண்டு. கடைக்காரர் சட்டத்தை மதிப்பவர். 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் சொன்னபடியே எழுதித்தான் மாட்டியிருக்கிறார். அதன்மேல் ஷாம்பு பாக்கெட் சரம் தொங்குவதால் "18 வயது" என்பது மட்டும் வெளியே தெரிகிறது. என்னவோ பிறந்தநாள் வாழ்த்து மாதிரி.

ஒரு பையன் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே காலை ஊன்றி நிற்கிறான்.

"யாருக்குடா?"

"அப்பாவுக்குண்ணே. ஒரு பில்டரு. மிச்சத்துக்கு மிட்டாய்."

அவ்வளவுதான். நம் நாட்டுப் புகையிலை விளம்பரத்தின் மொத்தச் சூட்சுமமும் அந்த "மிச்சத்துக்கு மிட்டாய்" என்பதில் இருக்கிறது. சிகரெட்டும் இனிப்பும் ஒரே கையில், ஒரே காசில் வந்து சேர்கின்றன. எந்த விளம்பர நிறுவனத்துக்கும் இப்படி ஒரு யோசனை தோன்றாது. தோன்றினாலும் அதற்கு நம்மிடம் கோடி ரூபாய் கேட்கும்.

சிகரெட் பெட்டியில் 85 விழுக்காடு இடத்துக்குப் புற்றுநோய்ப் படமும் எச்சரிக்கையும் போட வேண்டும் என்று 2016 ஏப்ரலில் விதி அமலுக்கு வந்தபோது, உலகமே நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மார்தட்டிக்கொண்டோம். அழுகிய தொண்டை, வீங்கிய கழுத்து என்று எல்லாம் பெட்டிமேல் அச்சாகின்றன. ஆனால் நம் ஊரில் யார் பெட்டியாக வாங்குகிறார்கள்? ஒற்றையாகத்தான் விற்கிறது. பெட்டி கடைக்காரரின் மேசைக்குள் இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர் அவர் ஒருவர்தான். அவருக்கு பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது.

கடை வாசலில் வைக்கும் பலகைக்கும் விதி இருக்கிறது. 60 சென்டிமீட்டருக்கு 45. இன்ன வகைப் புகையிலைப் பொருள் இங்கே கிடைக்கும் என்று எழுதலாம். பிராண்டின் பெயரோ பெட்டியின் படமோ கூடாது. 2005-இல் வந்த இந்த விதிக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். 2013-இல்தான் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. தடை வாங்கிய சமயத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, அது நீங்கும்போது ஒன்பதாம் வகுப்பு. படிப்பு ஒரு பக்கம் நடந்தது, பெட்டிக்கடைப் பலகையும் தன் பங்குக்குப் பாடம் நடத்தியது.

அந்தப் பாடத்தின் தேர்ச்சி விகிதமும் அரசிடமே இருக்கிறது. 2019-இல் எடுத்த உலக இளையோர் புகையிலை ஆய்வின் இந்தியப் பகுதிப்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதாவதொரு புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். பீடி குடித்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் பத்து வயது முடியுமுன்பே அதைத் தொட்டவர்கள். பத்து வயதென்றால் வாய்ப்பாடு சொல்லும்போது இன்னும் விரல் மடக்குகிற வயது.

நம் ஊர்க் கோயிலின் வடக்கு வாசல் பக்கம் போனவர்கள் அந்தச் சிற்பத்தைப் பார்த்திருப்பார்கள். சிவபெருமான் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றிவிடுகிறார். சண்டேசர் யார்? இறைவனுக்கு வைத்த பாலை அப்பன் எட்டி உதைத்தான் என்று அப்பன் காலையே வெட்டிய சிறுவன். அவனைத் தண்டிக்காமல் பக்கத்தில் உட்காரவைத்து மாலை சூட்டினார் கடவுள். வீட்டுப் பால் காசில் பாதியைக் கடையில் போட்டுவிட்டு, மீதியைக் கொடுத்துப் பிள்ளையை "பில்டர்" வாங்க அனுப்பும் அப்பன்மார்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து அந்தச் சிற்பத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். கொஞ்சம் காலைத் தள்ளி வைத்துக்கொள்ளட்டும்.

சட்டத்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி? இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிரிவு 77: பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம், பிரிவு 24: அதே குற்றத்துக்கு 200 ரூபாய் வரை அபராதம். காவல் நிலையத்தில் எந்தப் பிரிவு எழுதப்படும் என்று கேட்காதீர்கள். ஏழாண்டு எழுதினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். 200 எழுதினால் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் கூல் லிப் புகையிலைக்கு வருவோம். புகை கிடையாது, துப்ப வேண்டியதில்லை, வாத்தியாருக்கு வாடையும் வராது. பள்ளிக்கூடத்துக்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்த சரக்கு. குட்கா, மெல்லும் புகையிலைக்கெல்லாம் தமிழ்நாட்டில் 2013-இலிருந்து தடை. தடையை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். சரக்கையும் மாதந்தோறும் புதுப்பிக்கிறார்கள். இதை நாடு முழுக்கவே பாதுகாப்பற்ற உணவென்று ஏன் அறிவிக்கக் கூடாது என்று 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நீதிபதி வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களிடம் விட்டிருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடவே கேட்டிருப்பார்கள், ஆனால் அதையெல்லாம் இங்கே அச்சேற்ற முடியாது.

சரி, பெட்டிக்கடை ஏழை வியாபாரி, விடுவோம். பெரிய மனிதர்கள் செய்வது இன்னும் நேர்த்தி.

விஸ்கிக்கு விளம்பரம் கூடாதா? சரி, சோடாவுக்குச் செய்கிறோம். பீருக்குக் கூடாதா? தண்ணீர்ப் பாட்டிலுக்குச் செய்கிறோம். அதுவும் சலித்துப்போனால் இசைத்தட்டுக்குச் செய்கிறோம். ராயல் ஸ்டாக்கும் இம்பீரியல் புளூவும் இந்தியாவின் மாபெரும் இசைக் கொடையாளர்கள் என்று தொலைக்காட்சியை நம்பி வளர்ந்த பிள்ளை நினைத்தால் அதன் பிழையா? எனக்கும் அந்த இசையைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. ஜெயங்கொண்டத்தில் முன்பு கேசட் விற்றவர் இப்போது கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"சிடியா சார்? கல்யாண வீட்டுக்காரங்களே இப்ப பென்டிரைவ்லதான் கேக்குறாங்க. எந்தப் படம்?"

"படமில்லைங்க. ஒரு விஸ்கி கம்பெனி போட்ட பாட்டு. டிவியில விளம்பரம் வருதே."

நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு நீங்க டாஸ்மாக்குக்குத்தான் சார் போகணும்."

கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டுகிறவருக்கு அரை நிமிடத்தில் புரிந்தது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு இத்தனை ஆண்டாகப் புரியாமல் இருக்கிறது.

ஏலக்காய் கதை இன்னும் வேடிக்கை. குட்கா நிறுவனங்கள் எல்லாம் திடீரென்று வாசனைப் பயிர் மேல் பாசம் கொண்டு ஏலக்காய் விற்கத் தொடங்கின. அதுவும் லேசான நடிகர்களை வைத்து விற்கவில்லை, இந்தித் திரையின் முதல் வரிசையையே இறக்கினார்கள். அமிதாப் பச்சன் 2021 அக்டோபரில் ஒரு விளம்பரத்திலிருந்து விலகினார். அக்சய் குமார் 2022 ஏப்ரலில் ரசிகர்களிடம் மன்னிப்பே கேட்டு இன்னொன்றிலிருந்து விலகினார். வெறும் ஏலக்காய் விற்றதற்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? தன் பயிருக்கு இத்தனை கோடி கொட்டப்படுகிறது என்று போடிநாயக்கனூர் ஏல விவசாயிக்கு யாரும் சொல்லாமலிருக்க வேண்டும். சொன்னால் மனுஷன் மயங்கி விழுந்துவிடுவார்.

கிரிக்கெட்டுக்கு வந்தால் முகமூடிகூட வேண்டியதில்லை. 2008-இல் விஜய் மல்லையா தன் விஸ்கியின் பெயரையே தன் ஐ.பி.எல். அணிக்கு வைத்தார். மாளிகைமேட்டில், சோழ அரண்மனையின் செங்கல் அடித்தளத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் மட்டையடிக்கும் பையன்கள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஓடுகிறார்கள். விராட் கோலியின் அணி என்று போடுகிறார்கள், பாவம். 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரச் சேவைகளின் தலைமை இயக்குநர், மது, புகையிலை விளம்பரங்களையும் அவற்றின் முகமூடிகளையும் மைதானத்திலும் ஒளிபரப்பிலும் நிறுத்துங்கள் என்று ஐ.பி.எல். தலைவருக்குக் கடிதம் எழுதினார். கடிதம். நம் ஊரில் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நாம் எழுதுவோமே, அப்படி ஒரு கடிதம். ஒன்றிய அரசு தன் சொந்தச் சட்டத்தை மதிக்கச் சொல்லி கிரிக்கெட் வாரியத்திடம் மனுப் போடுகிறது.

நம் பக்கத்து விளம்பரத்துக்குச் சோடாவும் வேண்டாம், ஏலக்காயும் வேண்டாம். கதாநாயகன் போதும். ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடித்த விதத்தைக் குச்சியை வைத்துப் பழகிய தலைமுறை என்னுடையது. 2002-இல் 'பாபா' வந்தபோது பா.ம.க. எதிர்த்தது; வட மாவட்டங்களில் சில திரையரங்குகளில் ரகளையும் நடந்தது. ரகளையை நான் மெச்சவில்லை. ஆனால் அன்று கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. பிறகு அதே கட்சியின் அன்புமணி மத்திய சுகாதார அமைச்சரானார். படங்களில் புகைக்கும் காட்சியே கூடாது என்று விதி கொண்டுவந்தார். 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. மிஞ்சியது திரையோரத்து எச்சரிக்கை வரி. நாயகன் திரை முழுக்கப் புகையை ஊதுகிறான். புற்றுநோய் மூலையில் எறும்பெழுத்தில் ஊர்ந்து போகிறது. 2018-இல் 'சர்கார்' சுவரொட்டியில் விஜய் சிகரெட்டோடு நின்றார். சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. சமூக வலைத்தளத்திலிருந்து படத்தை நீக்கினார்கள். 2023-இல் 'லியோ' பாட்டில் அதே நாயகன், அதே புகை, அதே புகார். படைப்புச் சுதந்திரம் என்கிறார்கள். நல்லது. அந்தச் சுதந்திரம் ஏன் எப்போதும் ஒரே பக்கமாகப் புகை விடுகிறது என்பதுதான் என் சந்தேகம். அதே கலைஞனின் சுதந்திரம் இருமிக்கொண்டே செத்துப்போன ஒரு பீடித் தொழிலாளியைக் கதாநாயகனாக்கி, முதல் நாள் முதல் காட்சிக்குக் கட்-அவுட் வைத்ததாக நான் பார்த்ததில்லை.

சுதந்திரத்துக்கு எல்லை இருக்கிறது என்பதையும் 2015 அக்டோபரில் காட்டினார்கள். மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய கோவனைத் திருச்சியில் நள்ளிரவில் வீடு புகுந்து பிடித்தார்கள். தேசத்துரோக வழக்கு. குடிக்கச் சொல்லி ஆடும் பாட்டுக்குத் தணிக்கைச் சான்றிதழ், கடையை மூடச் சொல்லும் பாட்டுக்குத் தேசத்துரோகம். அதே ஆண்டு ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் அருகிலிருந்த மதுக்கடையை அகற்றச் சொல்லிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை. ஒரு கடையைச் சட்டம் சொன்ன தூரத்துக்கு நகர்த்த இந்த நாட்டில் ஒருவர் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கடையைத் திறக்க ஒரு கையெழுத்து போதும்.

நெடுஞ்சாலை மதுக்கடைக் கதையில் நம் தொகுதிக்கு ஒரு பங்கு உண்டு. 2021-இல் ஜெயங்கொண்டத்தில் நின்று தோற்றாரே பா.ம.க. வழக்கறிஞர் பாலு, அவர் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி மதுக்கடை இருக்கிறது என்ற பலகையோ விளம்பரமோகூட இருக்கக் கூடாது என்றும் சொன்னது. அவர் கட்சியோடு எனக்கு ஆயிரம் வழக்கு உண்டு. இந்த வழக்கில் வாயை மூடிக்கொள்கிறேன். பிறகு நடந்ததுதான் நம் திறமை. சின்ன ஊர்களுக்கு 500 மீட்டர் 220 ஆனது. நகராட்சி எல்லைக்குள் அதுவும் வேண்டாம் என்றானது. சாலைகளின் பெயரை மாற்றலாமா என்று மாநிலங்கள் மண்டையைக் குடைந்தன. பலகை போனால் என்ன? வரிசையாகச் சாய்த்து நிறுத்திய பைக்குகள், வரப்பில் உடைந்து கிடக்கும் பாட்டில், வெள்ளரிக்காய் விற்கும் பாட்டி. ஜெயங்கொண்டத்துக்குப் பேருந்தில் போகும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஜன்னலில் உட்கார்ந்து எந்தெந்த நிறுத்தத்தில் கடை என்று ஒப்பிக்கும்.

சோழன் மட்டும் யோக்கியமா என்று ஒருவர் கேட்கலாம். இல்லைதான். கள்ளிறக்குவோர்மேல் ஈழம்பூட்சி என்று ஒரு வரியை அந்தக் காலத்து அரசர்கள் வாங்கியதைச் செப்பேடுகளே சொல்கின்றன. ஆனால் மன்னனே பனையேறிக் கலயம் கட்டி, மேற்பார்வையாளர் வைத்து, தீபாவளிக்குத் தீபாவளி கணக்குப் பார்த்ததாக எந்தக் கல்வெட்டிலும் நான் படித்ததில்லை. 2025 ஜூலை 27 அன்று பிரதமர் இங்கே வந்து ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார். மாநில அரசு ஆடித் திருவாதிரையை அரசு விழாவாக்கியிருக்கிறது. இரு தரப்புக்கும் சோழன் மேல் அத்தனை பற்று. அப்படியானால் தங்கள் வெற்றிகளையும் ஒரு கல்லில் வெட்டி வைக்கட்டும்: 2023-இல் 500 கடையை மூடி 4,829 கடையில் முன்னைவிட அதிகம் விற்றதும், 90 மில்லி டெட்ரா பேக் கொண்டுவரலாமா என்று அமைச்சரே யோசனை சொன்னதும், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று நீலகிரியில் தொடங்கிப் பெரம்பலூர் வரை வந்ததும். அந்தப் பத்து ரூபாய்க்குப் பாட்டில் பொறுக்கப் போகும் கை எந்த வயதுக் கை என்பதையும் சேர்த்தே வெட்டட்டும்.

அந்த டெட்ரா பேக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2025 நவம்பரில் ஒரு வணிகச் சின்ன வழக்கில் அப்படிப்பட்ட விஸ்கிப் பொட்டலம் உச்ச நீதிமன்ற மேசைக்கு வந்தது. நீதிபதிகள் அதிர்ந்துபோனார்கள். இது பழச்சாறு மாதிரியல்லவா இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கே கொண்டுபோய்விடுவார்களே என்றார்கள். அமெரிக்காவில் ஒரு சிகரெட்டுக்கு ஜோ என்றொரு கார்ட்டூன் ஒட்டகத்தை விளம்பரமாக வைத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் மிக்கி மவுஸுக்குச் சமமாக அதை அடையாளம் காண்கிறார்கள் என்று 1991-இல் ஒரு மருத்துவ இதழ் ஆய்வு சொன்னது. ஆறே ஆண்டில், 1997-இல், ஒட்டகத்தை விரட்டினார்கள். பிரான்ஸ் 1991-லேயே எவின் சட்டத்தில் மது விளம்பரத்தைத் தொலைக்காட்சியிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் வெளியேற்றியது. ராஜேந்திரன் படையெடுத்து வென்ற இலங்கை 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் எண் சட்டத்தில் மது, புகையிலை இரண்டின் விளம்பரத்தையும் ஒரே வீச்சில் தடுத்து, இரண்டுக்கும் 21 வயது என்று வைத்தது. வென்றவன் நாட்டில் ஒற்றை சிகரெட்டும் மிட்டாயும் ஒரே ஜாடிப் பக்கத்தில். தோற்ற நாட்டைப் பார்த்து நாம் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது.

பாட்டிலின் மேல் மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு என்று அச்சிட்டு, அந்தப் பாட்டிலையே நீட்டும் கை, பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டும் கை. மதுவைத் தடுக்க வேண்டியவரே விற்பனையாளர். புகையிலையைத் தடுக்க வேண்டியவர் அதன் வரியை எண்ணிக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட வீட்டில் விளம்பரத் தடை என்பது, வருகிறவர் கண்ணுக்காக வாசலில் மாட்டிய திருஷ்டிப் பூசணி.

முடியாது என்பதெல்லாம் பொய். கர்நாடகம் அதே 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, 2025-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கி, புகையிலைக்கு 21 வயது, அபராதம் 1,000 ரூபாய் என்று ஆக்கிவிட்டது. தமிழ்நாடும் ஹூக்கா கூடங்களைத் தடுக்க 2022-இல் அதே சட்டத்தில் திருத்தம் நிறைவேற்றத் தெரிந்த மாநிலம்தான். ஹூக்கா சென்னையில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் குடிப்பது; அதற்குத் திருத்தம் கிடைத்தது. மீன்சுருட்டிப் பிள்ளையின் "மிச்சத்துக்கு மிட்டாய்" சட்டமன்றத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஒற்றை சிகரெட் விற்பனையை நிறுத்தி, வயதை 21 ஆக்கி, அபராதத்தை உயர்த்தும் வரைவு ஒன்றை ஒன்றிய அரசு தயாரித்து, 2021 தொடக்கத்தில் மக்கள் கருத்துக்காக வெளியே வைத்தது. மக்களும் கருத்துச் சொன்னார்கள். அந்த வரைவு இன்னும் சட்டமாகவில்லை.

ஆகவே அரியலூர் மாவட்ட ஆட்சியருக்கும், தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும், ஆடித் திருவாதிரைக்கு மேடை போடும் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ஒரே ஒரு கோரிக்கை. விழாவுக்கு வரும்போது மாலையோடு ஓர் அளவு நாடாவும் கொண்டுவாருங்கள். நூறு கெஜம் என்பது 91 மீட்டரும் சொச்சமும். பள்ளிக்கூட வாசலில் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை எடுத்துக்கொண்டு நடங்கள். அது போய் நிற்கும் இடத்துக்குள் விளக்கெரியும் அலமாரி இருந்தால், அங்கேயே நின்று, கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்குப் புகையிலை விற்பதற்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் இன்றும் அபராதம் 200 ரூபாய். அதையாவது சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் மாற்றுங்கள்.